‘குணா’வைத் தேடி வந்தவர்கள்

நாங்கள் நடத்தும் இளையராஜா ரசிகர் இணையதளத்துக்கு 2024 பிப்ரவரி கடைசியில் திடீர்க் கூட்டம். எல்லாரும் நேராக ‘குணா’ பக்கத்துக்குத்தான் போனார்கள். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நிறையப் பேர் மலையாளிகள். 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்து வசூலில் பின்தங்கிய படம் ‘குணா’! அதில் வாலி எழுதி, கமலும் எஸ்.ஜானகியும் பாடிய ‘கண்மணி அன்போடு’ காதல் பாட்டு. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில், குகைக்குழியில் விழுந்த நண்பனை மீட்கும் இடத்தில் அதை வைத்து நட்பின் பாட்டாக்கிவிட்டார் இயக்குநர் சிதம்பரம். அசல் தெரிந்தவனுக்கே அங்கே தொண்டை அடைக்கிறது. எனக்குப் பெரிய சந்தோஷம் எண்ணிக்கை ஏறியதில் இல்லை. வந்த பிள்ளைகள் அந்த ஒரு பாட்டோடு திரும்பவில்லை. ‘குணா’வில் வரும் யேசுதாஸின் ‘பார்த்த விழி’யையும் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். இன்னமும் வருகிறார்கள்.