மிதியில் உயிரில்லை

திருக்கடையூரில் அண்ணனுக்குச் சதாபிஷேகம். விடியற்காலையிலேயே தமது பழைய மாருதி 800-இல் மனைவியுடன் புறப்பட்டுவிட்டார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வழியில் ரயில்வே கேட் மூடப்படுவதைக் கண்டு கிளட்சை மிதித்தார். 'டப்' என்றோர் ஓசை. மிதி தரையோடு படுத்துவிட்டது. பிரேக்கை அழுத்தவே, கியரில் இருந்த வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

பின்னால் நின்ற வேன் ஓட்டுநர் வந்து பார்த்து, "கிளட்ச் பிளேட் போயிருக்கும் சார், பெரிய வேலை" என்றார். அம்மையாரின் முகம் வாடிற்று. வண்டியை விற்றுவிடும்படி மகன் ஓராண்டாக வற்புறுத்தி வருகிறான். பெரிய செலவென்றால் இத்துடன் அதற்கு விடைதான்.

ஆசிரியருக்கு ஐயம். பிளேட் தேய்வது ஒரு நொடியில் நேர்வதன்று. மேடேறும்போது இஞ்சின் இரையும், வேகம் கூடாது. கருகல் வாடை வரும். அப்போதும் மிதி காலை எதிர்த்து மேலெழும். இங்கோ மிதியில் உயிரே இல்லை. அந்த வண்டியில் மிதியையும் கிளட்சையும் இணைப்பது ஓர் எஃகுக் கேபிள்தான். (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையாயின், முதலில் கசிவைத் தேட வேண்டும்.) பானெட்டைத் திறந்துவைத்து, மனைவியை மிதிக்கச் சொன்னார். கியர்பாக்ஸில் இருந்த கிளட்ச் லீவர் அசையவில்லை; கேபிள் இழை இழையாய்ப் பிரிந்து அறுந்திருந்தது. இரண்டு வாரங்களாக மிதி கனத்ததை, தமது முழங்கால் வலி என்றே அவர் எண்ணியிருந்தார்!

கேட் திறந்தது. "முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார், கிளம்பிடும்" என்றார் வேன்காரர். உண்மைதான், வெற்றுச் சாலையானால் அவரும் அப்படியே செய்திருப்பார். தண்டவாளத்தின் மீது இஞ்சின் அணைந்துவிட்டால்? மனைவியைப் பார்த்தார்.

"முகூர்த்தம் போனால் போகட்டுங்க" என்றார் அம்மையார்.

நியூட்ரலில் வைத்து, நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள்.

பக்கத்து ஊர் மெக்கானிக் புதிய கேபிளுடன் பைக்கில் வந்து, முக்கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். மிதியில் சிறிது தளர்வு விட்டே திருகினார். இழுத்துக் கட்டினால் பேரிங் ஓயாமல் அழுந்தித் தேயுமாம். ஆன செலவு, மகன் அச்சுறுத்திய தொகையின் அருகில்கூட வரவில்லை.

மண்டபத்தை அடைந்தபோது கலசாபிஷேகம் முடிந்து, அண்ணன் ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். விழுந்து வணங்கிய தம்பியின் கைகளில் கிரீஸ் கறை.

"வண்டியா?"

"கேபிள்தான் அண்ணா."