கேட்கத் தெரிய வேண்டும்

1991 ஆகஸ்ட் 25. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு அறிவித்தார். அதில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். கூடவே, யோசனைகளை வரவேற்கிறேன், ஆனால் செய்து தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்தார். அதுதான் பின்னாளில் லினக்ஸ் ஆயிற்று. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அதுவே ஓடுகிறது.

கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இருக்க வேண்டிய நியாயத்தை அந்த இளைஞர் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

இந்தக் கட்டுரையை நான் லிபர்ஆபிஸில் எழுதுகிறேன். மாலையில் பழைய பாட்டு கேட்பது விஎல்சியில். இரண்டுக்கும் ஒரு காசு கேட்டதில்லை யாரும். இப்படிப்பட்ட திறந்த மூல மென்பொருள்களில் பலவற்றை, வேலை முடிந்து வீடு திரும்பிய யாரோ ஒருவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பராமரிக்கிறார். இருப்பதை இருக்கிறபடி தருகிறோம், உத்தரவாதம் எதுவும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியும் வைக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குப் போகும் கோரிக்கைகளைப் பார்த்தால், கூலி கொடுத்து ஆள் வைத்தவர் பேசுவதுபோல இருக்கும். “இந்தச் சின்ன வசதிகூட இல்லையா? எப்போது தருவீர்கள்?”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மென்பொருளில் நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். பல்லைப் பாருங்கள். எந்தப் பல் ஆடுகிறது, எப்போது ஆடுகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். பிழையைச் சுட்டிக்காட்டுவது கொடுத்தவருக்குச் செய்யும் உதவி. ‘நாளை முதல் இரண்டு படி கூடுதலாகக் கறக்க வேண்டும்’ என்று ஆணையிடுவதுதான் தவறு.

கேட்பவருக்கு ஒரு வசதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சேர்த்தவரோ அதை ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டும். லாக்ஃபோர்ஜே கதையைப் பாருங்கள். ஜாவா நிரல்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்துவைக்க உதவும் மென்பொருள் அது. 2013இல் ஒரு பயனர் புது வசதி கேட்டு, அதற்கான நிரலையும் எழுதி அனுப்பினார். சேர்த்துக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் அந்த வசதியின் வழியாகவே உலகெங்கும் சர்வர்களுக்குள் புக முடியும் என்பது வெளியாயிற்று. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து ஓட்டையை அடைத்தார்கள். அவர்களுக்கு வசவும் விழுந்தது. அந்த வசதி பராமரிப்பவர்களுக்கே பிடித்ததில்லை. நம்பியிருந்த பழைய பயனர்களுக்காகத்தான் விட்டுவைத்திருந்தார்கள்.

நச்சரிப்பையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற மென்பொருளை ஃபின்லாந்துக்காரர் ஒருவர் பல ஆண்டுகளாக ஊதியமின்றிக் காத்துவந்தார். 2022இல் சில பெயர்களில் எழுதியவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று தொடர்ந்து நெருக்கினார்கள். உடல்நலமும் மனநலமும் சரியில்லை, இது என் பொழுதுபோக்கு வேலைதான் என்று அவர் விளக்கியும் விடவில்லை. அவை போலிப் பெயர்கள் என்றே ஆய்ந்தவர்கள் கருதுகிறார்கள். உதவ வந்தவர்போல் நடித்த ஒருவர் கைக்குப் பொறுப்பு போனது. 2024இல் அவர் அதற்குள் ஒரு கள்ளக்கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் உலகம் தப்பியது. அந்த நெருக்கடிக் குரல்கள் எவருக்கும் சந்தேகம் எழுப்பாததற்குக் காரணம், உண்மையான பயனர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதே.

ஆகவே பராமரிக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் சொல்கிறேன். ‘முடியாது’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்லி, கடுமை இல்லாமல், சீக்கிரமாகச் சொல்லுங்கள். முகத்தாட்சண்யத்துக்காக ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பதைவிட அது கண்ணியமானது.

கேட்பவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. உங்களுக்கு முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘இந்தப் பொத்தான் வேண்டும்’ என்பதோடு நிற்காமல், என்ன செய்ய முயன்று எங்கே தடுக்கி நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். பொத்தானைவிட நல்ல வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் புதிய பதிப்பைச் சோதித்துச் சொல்லலாம், உதவிக் குறிப்பு எழுதலாம், தமிழாக்கம் செய்யலாம். இதை வைத்துச் சம்பாதிக்கும் நிறுவனமாக இருந்தால் பணம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

மறுத்துவிட்டால் வேறு வழியில்லையா? இருக்கிறது. மூல நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் போகும் உரிமையை உரிமமே தருகிறது. ஓப்பன்ஆபிஸ் என்ற மென்பொருள் போகும் திசை பிடிக்காதவர்கள் 2010இல் அப்படிப் பிரிந்து வந்ததால்தான் லிபர்ஆபிஸ் பிறந்தது. அவர்கள் குறை சொன்னதோடு நிற்கவில்லை, சுமையையும் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் தினமும் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யார் பராமரிக்கிறார்கள் என்று இன்றே தேடிப் பாருங்கள். உங்கள் அடுத்த கோரிக்கைக்கு முன்னால் அவருக்கு நன்றி என்று ஒரு வரி எழுதுங்கள். பலர் அவரிடம் கேட்டிருப்பார்கள்; நன்றி சொன்னவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.