வீடு பார்க்கப் போலாம், வர்றீங்களா?

லீவு வந்தா ஊட்டி, கொடைக்கானல்னு பஸ் ஏறுற பார்ட்டியா நீங்க? இந்த ஒரு தடவை காரைக்குடிக்கு டிக்கெட் போடுங்க பாஸ். சாப்பாட்டுக்காக மட்டுமில்லை (அதுவும் உண்டு, பயப்படாதீங்க!). வீடு பார்க்க.

"வீட்டுல பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்கிற ஃப்ரெண்டை நேரா கானாடுகாத்தான் தெருவில் கொண்டுபோய் நிறுத்துங்க. பெரிய வீடுகளுக்கு ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல். நடுவில் இருக்கிற அத்தனையும் ஒரே வீடு! வாசல்ல நின்னு பார்த்தா கதவுக்குப் பின்னால கதவா நேர்கோட்டில் போய், கடைசியில் பின்வாசல் வெளிச்சம் கடுகு சைஸ்ல தெரியும்.

முகப்பில் திண்ணை. அங்கேதான் ஆம்பளைங்க கணக்கு வழக்கு. உள்ளே போனா வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால வரிசையா அறைகள். கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை. கூட்டுக் குடும்பம்தான், ஆனா கல்யாணமானதும் அவங்கவங்களுக்குத் தனி அடுப்பு. மாமியார் மருமகள் சீரியலுக்கு அப்பவே கிளைமாக்ஸ் எழுதிட்டாங்க! அதுக்கும் பின்னால சாப்பாட்டுக்கு ஒரு கட்டு, சமையலுக்கு ஒரு கட்டு.

மழை பெய்தா நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடிச்சுப்பாங்க. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் 2003-ல் வீடு வீடா விரட்டினதுக்கு ரொம்ப முன்னாடியே!

சுவரைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு கண்ணாடி மாதிரி வழுக்கும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைச்சுத் தேய்ச்ச பூச்சு அது. தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலி மார்பிள், கண்ணாடி பெல்ஜியம். நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயான்னு போய்க் கொடுக்கல் வாங்கலில் சம்பாதிச்ச காசு இப்படி வீடாச்சு. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடிச்சதும் அங்கே போட்ட முதல் பெரும்பாலும் போச்சு. பணம் நின்னது, வீடு மட்டும் நிக்குது.

எத்தனை நாளைக்கு நிக்கும்? ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். கல்யாணம், பொங்கல்னா கதவு திறக்கும். மத்த நாளெல்லாம் பூட்டுதான். ஓடு மாத்தணும்னா எல்லோரும் ஒத்துக்கணும், காசும் போடணும். முடியாத வீடுகளைப் பிரிச்சு விக்கிறாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பாருங்க. நிலைக்கதவு, தேக்குத் தூண், பீங்கான் ஜாடின்னு ஆசையா இருக்கும். ஆனா ஒரு நிலைக்கதவு கடைக்கு வந்திருக்குன்னா, எங்கேயோ ஒரு வீட்டுக்கு வாசல் போச்சுன்னு அர்த்தம். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிச்சு. சந்தோஷம்தான். ஆனா பட்டியல் வந்து ஒழுகுற ஓட்டை அடைக்காதே!

ஆத்தங்குடி பேலஸ் மாதிரி சில வீடுகளில் கட்டணம் வாங்கிட்டு உள்ளே விடுறாங்க. தாராளமா கொடுங்க, பராமரிப்புக்கு அதுவும் ஒரு வழி. மத்த வீடுகளில் ஆச்சியோ காவல்காரரோ இருந்தா, "பார்க்கலாமா?"ன்னு கேட்டுட்டு, செருப்பைக் கழற்றிட்டுப் போங்க. வேண்டாம்னா விட்டுடுங்க, அது மியூசியம் இல்லை, வீடு.

ஆத்தங்குடி போறவங்க டைல்ஸ் பட்டறையையும் விடாதீங்க. கண்ணாடி மேல அச்சை வெச்சு, கலர் கலரா கலவையைக் கையாலயே ஊத்தி, மேலே மணலும் சிமென்ட்டும் போடுறாங்க. சூளையே கிடையாது! தண்ணியில் ஊறிக் காய்ஞ்சதும் கண்ணாடி தனியா வந்துடும், பளபளப்பு கல்லில் தங்கிடும்.

காரைக்குடி ரொம்ப தூரம்னு இழுக்கிற சென்னைவாசிகளுக்கு, முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு!