பத்து கேலன் டாங்கி

பதுளை

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்து, பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடிய புது டாங்கி. அழகாகத்தான் இருக்கிறது. "ஓடர் போட்டுறவா மாமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போன மாதமே இங்கே ஒன்று செய்து மாட்டிவிட்டோம். அந்தப் பவுணை உன் அம்மாவுக்கு அனுப்பு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய்: "அலுமினிய ஜீப்பு, துருவே பிடிக்காதுன்னு சின்னதுல சொல்லுவீங்களே, அப்புறம் டாங்கிக்கு என்னாச்சு?" அதற்கு வொய்ஸ் மெசேஜில் பதில் சொன்னால் அரைகுறையாகப் போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அலுமினியக் கதை. நீ இருக்கும் கோவென்ட்ரிக்குப் பக்கத்து ஊரான சொலிஹல்லில்தான் லேண்ட் ரோவர் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன். ரோவர் கம்பனியின் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அமெரிக்கப் பட்டாளத்தின் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கம்பனிக்கே ஒரு வண்டி செய்தார். இரும்பு கிடைக்காததால் பாடிக்கு பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். ஆனால் அலுமினியம் வெளியே தெரிகிற தோல் மட்டும்தான். சேஸி இரும்பு, டாங்கி இரும்பு. சின்ன வயதில் உன்னிடம் இதைச் சொல்லாதது என் பிழை.

எங்கள் ஜீப் சீரிஸ் டூ-ஏ, 88 அங்குலம், 1964இல் பதிந்தது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட நம்பர் தகடு. டாங்கி வலப்பக்கம், டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே தொங்கும். பத்து கேலன், இன்றைய கணக்கில் 45 லீட்டர். அதாவது உன் தாத்தா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பெற்றோலின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்த சீட்டில் இருந்துகொண்டு சுருட்டும் குடித்தார் என்பது எங்கள் வீட்டில் ஒருவரும் பெருமையாகச் சொல்கிற விஷயம் இல்லை.

பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அந்த வண்டி வந்தபோது பெரிய துரை வெள்ளைக்காரர். மலைக்குள் போகும்போது துரை தானே ஓட்டுவார். பதுளை டவுனுக்கு, பேங்குக்கு, ஸ்டேஷனுக்கு என்றால் தாத்தா. பெற்றோல் 44 கேலன் பீப்பாயில் வரும். அதைக் கைப்பம்பால் இறைத்து, புனலில் ஷமோய்த் தோல் வைத்து வடிகட்டி ஊற்றுவார். தோல் பெற்றோலை விடும், தண்ணீரை விடாது. கடைசியில் தோலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அதை அவர் உதறுகிற விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கிளாக்கர் ஐயா லொக் புத்தகத்தில் எத்தனை கேலன், எத்தனை மைல், எங்கே என்று எழுதுவார். ஜீப்புக்கு எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு: பதிவுப் புத்தகம், இன்ஷூரன்ஸ், வருஷ லைசென்ஸ். ஓட்டுகிறவருக்கு கூப்பன் புத்தகத்தையும் டிரைவிங் லைசென்ஸையும் விட்டால் வேறு காகிதம் இல்லை. லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948இல்தான் நமது ஆட்களின் பிரஜாவுரிமை போனது. வண்டி தோட்டத்துக்கு வந்த 1964இல், அக்டோபர் 30ஆம் தேதி, இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று.

தாத்தாவின் தம்பி இந்தியாப் பக்கம் விழுந்தார். அவருடைய தகரப் பெட்டிகளை இந்த ஜீப்பில்தான் பதுளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். துரையிடம் கேட்டுத்தான். அன்றைய லொக் புத்தகத்தில் கிளாக்கர் 'ஸ்டேஷன், ஒரு ட்ரிப்' என்று மட்டும் எழுதியிருப்பார். நான் பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து போனேன். 1924இல் ரயில் வந்து சேர்ந்த கடைசி ஸ்டேஷன் அது. தண்டவாளம் அதற்கு மேல் போகாது. சின்னத் தாத்தா அங்கிருந்து ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்தில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்.

டாங்கிக்கு வருகிறேன். முதல் ஓட்டை எழுபதுகளில். அப்போது இறக்குமதிக்குப் பயங்கரக் கெடுபிடி, பாணுக்கே கியூ. தோட்டத்தில் மா உருண்டைக்கும் வழியில்லாமல் ஆட்கள் செத்துப்போன 1974ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலிருந்து டாங்கி வரவழைக்க யாரால் முடியும்? கீழ் மூட்டு கசிந்தபோது ஸ்டோரின் ஃபிட்டர்தான் பித்தளை ஒட்டுப் போட்டார். அடுத்த வருஷம் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. எங்கள் தோட்டம் ஜனவசம என்ற அரசுச் சபையின் கைக்குப் போனது. துரை கப்பலேறினார். புதிதாக வந்த துரைக்கு ஜீப்பும் தாத்தாவும் கணக்கில் சேர்ந்து போனார்கள்.

பிறகு 83 கலவரம். உனக்கு இதை முழுதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜூலை 27, புதன்கிழமை. அதுவரை பதுளை அமைதியாக இருந்தது. காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் தொடங்கிய நெருப்பு மதியத்துக்குள் பஜாரைப் பிடித்தது. பிடுங்கிய வேன்களிலும் பஸ்களிலும் ஏறிக் கூட்டம் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று கிளம்பியது. அந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் ஓடினார்கள். தாத்தா மட்டும் எதிர்ப்பக்கம், ஷெட்டுக்கு ஓடினார். அவருக்கு இரண்டு பயம்: ஜீப்பைக் கொண்டுபோய்விடுவார்கள், அதிலுள்ள பெற்றோலை லயத்தின் மேலேயே ஊற்றுவார்கள். டோர்ச் அடிக்கப் பயந்து, இருட்டில் படுத்து, சரியான ஸ்பானர் கைக்கு அகப்படாமல் பைப் ரெஞ்சைப் போட்டு டாங்கியின் அடிப் பிளக்கைக் கழற்றினார். நான் டின் பிடித்தேன். பெற்றோல் அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அன்று இரவு முழுக்க அந்த வாசனையோடுதான் தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தோம். டின்களைக் கானுக்குள் வைத்து மிலாறு போட்டு மூடினோம்.

கூட்டம் எங்கள் தோட்டம் வரை வரவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் திரும்பிவிட்டது. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் அந்த டாங்கி வெறுமையாய்க் கிடந்தது. துரு அன்றைக்குத் தொடங்கியது என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஊவாவில் ஜூலை, ஆகஸ்ட் கச்சான் காலம். காற்று காய்ந்து வீசும். அதில் கொழுந்துக்கு வருகிற மணத்துக்குத்தான் உலகமே ஊவாத் தேயிலைக்கு அந்த சீசனில் அதிக விலை கொடுக்கிறது. அந்தக் காற்றில் டாங்கி காய்ந்துதான் இருக்கும். துரு அங்கே தொடங்கவில்லை.

1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனிகளுக்குப் போயின. பழைய வண்டிகளை டெண்டரில் விட்டார்கள். நான் அப்போது வாத்தியார். பேங்கில் கடன் எடுத்து நம் ஜீப்பை வாங்கினேன். தாத்தாவிடம் சாவியைக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, "பெற்றோல் யாரு போடுறது?" அந்தக் கேள்விக்கு முப்பது வருஷம் கழித்து அர்த்தம் வந்தது.

2022. நீ அப்போதுதான் படிக்கப் போயிருந்தாய். அந்த வருஷம் தொடங்கும்போது 177 ரூபாயாக இருந்த லீட்டர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. அதே வாரம் சாதாரண ஆட்களுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். பிறகு கியூ.ஆர். கோட்: கார், ஜீப்புக்கு வாரத்துக்கு 20 லீட்டர். பெற்றோல் ஷெட்டில் இரண்டு நாள் காத்துக்கிடந்து அந்த 20 லீட்டரைப் போட்டேன், பிறகு தொடவில்லை. பக்கத்து வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் மேட்டில் இரவில் வேறு வண்டி இல்லை. கடைசியில் அந்தப் பெண் பகலில், பஸ்ஸில் போய்ப் பிள்ளை பெற்றாள். பெற்றோல் அப்படியே நின்றது. நவம்பர் வந்தது, மழை வந்தது, பனிமூட்டம் ஷெட்டுக்குள்ளேயே வந்து படுத்தது. பாதி டாங்கி என்றால் மேல் பாதி ஈரக்காற்று. இரவில் தகடு குளிரும், காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வேர்க்கும், சொட்டும். பெற்றோலைவிடத் தண்ணீர் கனம். அது அடியில் போய் உட்காரும்.

விளைவு இந்த வருஷம்தான் வெளியே வந்தது. நமுனுகுல மலையடி ஏற்றத்தில் ஜீப் இருமியது, முக்கியது, நின்றது. கொஞ்சம் பொறுத்தால் ஸ்டார்ட் ஆகும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கும். சமதரையில் ஒரு குறையும் இல்லை. பானட்டைத் திறந்து பெற்றோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடியில் அரை அங்குலத்துக்குச் செம்பழுப்புத் தூள், அப்படியே டஸ்ட் தேயிலை. அதன் மேல் ஒரு துளி தண்ணீர், கண் மாதிரி உருண்டு நின்றது. கழுவி மாட்டினேன். பசறைக்குப் போய் வருவதற்குள் மறுபடி டஸ்ட்.

பதுளை டவுனில் டிங்கர் பாஸ் ஒருவர் இருக்கிறார், சிங்களவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். ஜீப்பைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். மிச்ச பெற்றோலை வடித்தோம். சீட்டைத் தூக்கி, கேஜ் வயர், பெற்றோல் பைப், ஊற்றுகிற குழாயின் கிளிப்புகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. தாங்கிய போல்ட்டுகள் மட்டும் அசையவில்லை. இரண்டு நாள் ஒயில் விட்டு ஊறவைத்தார். பிறகு அடியில் பலகை வைத்து, ஜாக்கி கொடுத்து, குழந்தையை இறக்குவதுபோல் டாங்கியை இறக்கினார்கள். பாஸ் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் சத்தம் மாறியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்தார், உள்ளே போய்விட்டது.

"இதை ஒட்டிக் கொடுங்கள்" என்று கேட்டேன். முடியாது என்றார். பெற்றோல் நிறைந்த டாங்கியைவிட வெறும் டாங்கிதான் ஆளைக் கொல்லும்; உள்ளே நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும். பல நாள் தண்ணீர் நிரப்பி வைத்து, கழுவி, பிறகும் கிரைண்டரைத் தொடாமல் உளியால்தான் பிளந்தார்.

உன் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. மேல் பாதிச் சுவரெல்லாம் செதில் செதிலாகத் துரு. அடித்தளமும் துரு, அங்கேதான் ஓட்டை. இரண்டுக்கும் நடுவில், நாலு விரல் அகலத்துக்கு, சுற்றிவர ஒரு பட்டி: சாம்பல் நிறத்தில், 1964இல் பூசிய பூச்சோடு புதிதுபோல. பெற்றோல் மூடியிருந்த இடம் அது. பாஸ் தன் கட்டைவிரலால் அந்தப் பட்டியைத் துடைத்துவிட்டு, "கியூ.ஆர். கோட்" என்றார். ஃபிட்டர் வைத்த பித்தளை ஒட்டு அடியில் பொன் மாதிரி நின்றது. அதைச் சுற்றியிருந்த தகடுதான் போயிருந்தது.

புது டாங்கி எவர்சில்வர் தகட்டில், ஆகன் வெல்டிங். பழையதைப் படுக்கவைத்து அளவெடுத்தார்கள். உள்ளே இரண்டு தடுப்புத் தகடு வைக்கச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன். அது இல்லையென்றால் நம் வளைவுகளில் பெற்றோல் ஒரு பக்கம் ஓடிப்போய், பைப் காற்றை உறிஞ்சும். கசிவு பார்க்க கம்ப்ரஸர் பிடிக்கவில்லை, டாங்கி உப்பிவிடும் என்றார். சைக்கிள் பம்பில் மெதுவாக அடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி, நுரைக்கிற இடத்தைத் தேடினோம். மாட்டிய பிறகு கேஜ் முள் எழும்பவே இல்லை. அரை நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், வெளியே அடித்த பெயின்ட் கேஜ் யூனிட்டுக்கு எர்த் கிடைக்காமல் தடுத்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவின் அடியில் சுரண்டினோம், முள் எழும்பியது.

இப்போது ஏற்றத்தில் நிற்பதில்லை. புதிய வண்டி இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான். 2020 மார்ச்சில் மூடியது. விலையைக் கேட்ட பிறகு இதையே ஓட்டுவது என்று முடிவு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபு ஏற்றத்துக்கு ஐம்பதுகளின் லேண்ட் ரோவர்களை இன்னும் வாடகைக்கு ஓட்டுகிறார்கள்; அவர்களும் தேயிலை மலைக்காரர்கள். உன் ஊர்ப் பக்கத்து லேண்ட் ரோவர் கம்பனியை 2008இல் டாட்டா வாங்கிவிட்டது என்று தாத்தாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பழைய பிளக் என் மேசையில் இருக்கிறது. பைப் ரெஞ்ச் கடித்த மூலைகள் அப்படியே. பாஸ் புதிதாக ஒன்று கடைந்து போட்டுவிட்டார்.

உனக்கு ஏதாவது அனுப்பியே தீர வேண்டும் என்றால் ஒன்று செய். வெளியே மூடியிலிருந்து டாங்கிக்கு வரும் ரப்பர் குழாய், அதன் பக்கத்தில் போகும் சின்ன மூச்சுக்குழாய், இரண்டும் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினேன்; ஒன்று தடிப்பு, மற்றது பெற்றோலில் ஊறி உப்புகிறது. பழையதன் படம் அனுப்பியிருக்கிறேன், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. டூ-ஏ, 88, பெற்றோல் என்று சொல்லிக் கேள். டீசலுக்கு உரியதைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

அன்புடன்,
மாமா