நின்றபடி ஒரு காபி

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஹனிமூன் போனவன் நான். அதுவும் இத்தாலிக்கு! பி.காம். படித்தவன் கையில் பர்ஸ் இருந்தால் என்ன ஆகும்? ஃப்ளாரன்ஸில் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அங்கே காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை. மேஜையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. அவ்வளவுதான், என் மனைவிக்கு நாற்காலி கட்!

அடுத்து பைசா நகரம். (பேரே நமக்கு ராசி!) சாய்ந்த கோபுரத்தடியில் என் லெக்சர்: "1990-ல மூடிட்டு, உயர்ந்த பக்கத்து அடிமண்ணைச் சுரண்டி, சாய்வை 40 சென்டிமீட்டருக்கு மேல குறைச்சாங்க. 2001-லதான் திறந்தாங்க." அவள் "ம்" என்றாள்.

அங்கிருந்து ரயிலில் சின்க்வே தெர்ரே. கடலோரப் பாறைகளைத் தொற்றிக்கொண்டு ஐந்து ஊர்கள். அதில் கொர்னீலியா மட்டும் உச்சியில். ஸ்டேஷனிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் படி.

"பஸ் இருக்காமே?"

"அதுக்குத் தனி டிக்கெட்!"

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடவில்லை, கண் கலங்கியிருந்தது.

"என்னங்க, எட்டு வருஷமா சீட்டு கட்டி இவ்ளோ தூரம் வந்தது, நிக்கறதுக்கா?"

சுருக்கென்றது. அந்தச் சீட்டைக் கட்டியது அவள்.

மேலே போனதும், கடல் தெரிகிற மேஜையாகப் பார்த்து உட்காரவைத்தேன். பில் வந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கோபுரத்தை முழுசா நிமிர்த்திட்டாங்களா?"

"இல்லை. விழாத அளவுக்குத்தான்."

"அது போதும்" என்றாள், என்னைப் பார்த்து.