பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸியம்மா

எங்கள் ஆச்சிக்குப் பிறந்த ஊர் ஏரல் பக்கம். நாங்கள் சாப்பிட அடம் பிடித்தால் மற்ற வீடுகளில் போலப் பூச்சாண்டியைக் கூப்பிட மாட்டாள். "ஏலே, பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸியம்மா வாராலே, வாயத் தொற" என்பாள். அந்த மிஸ்ஸியம்மாவின் கையில் ஏதோ மருந்து இருக்குமாம். தலையில் தடவிவிட்டால் பிள்ளை பெற்ற தாயை மறந்து அவள் பின்னாலேயே போய்விடுமாம். ஆச்சி சொன்ன பல கதைகளில் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு எழுதி, ஓய்வு பெற்று, வாசகசாலைப் பழக்கம் வந்த பிறகுதான் அந்த மிஸ்ஸியம்மா ரத்தமும் சதையுமாக நம் ஜில்லாவில் மாட்டு வண்டியில் திரிந்த ஒரு பெண் என்று தெரிந்தது. பெயர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரி. ஊரார் தனக்கு வைத்திருந்த இந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். மருந்து கதையும் தெரியும். இரண்டையும் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

டோனாவூர் என்றால் உங்களில் பலருக்கும் அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால் கதை தொடங்கியது டோனாவூரில் இல்லை, நம் தூத்துக்குடி ஜில்லாவில், ஏரலுக்குப் பக்கத்தில் உள்ள பண்ணைவிளையில். பழைய முத்துக் குளித்துறையான கொற்கையும் அங்கிருந்து கிட்டத்தான்.

1867-ல் பிறந்தவர். முதலில் 1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். குளிர் நாளில் ஒரு வயதான அம்மாளைப் பார்க்கப் போய், கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாளின் கண் முழுவதும் இவர் கையில் மாட்டியிருந்த ரோம உறையிலேயே இருந்ததாம். பேச்சு காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைக்கார உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஜப்பானியப் பெண்கள் உடுத்தும் கிமோனோவுக்கு மாறிவிட்டார். பிற்காலத்தில் நம் ஊரில் சேலை கட்டியதற்கும் இதுதான் மூலம். உடம்புக்கு ஜப்பான் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் இலங்கை, பிறகு ஊர், கடைசியில் 1895 நவம்பரில் இந்தியா. வந்த கையோடு டெங்குக் காய்ச்சல். அடுத்த வருஷக் கடைசியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரி ஐயர்தான் தமிழ் வாத்தியார். மனிதர் கண்டிப்பானவர். வாக்கர் ஐயரும் அவர் மனைவியும் பண்ணைவிளைக்குக் குடி போனபோது இவரும் கூடவே போனார்.

மிஷனெரி அம்மா என்றவுடன் பங்களா, பங்கா இழுக்க ஆள், தொப்பி, குடை என்று நமக்கு ஒரு படம் தோன்றும். அப்படி வாழ்ந்தவர்களும் உண்டு. இவர் ஒரு பெண்கள் குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். மாட்டு வண்டியில் பயணம், போகிற இடத்தில் கூடாரம். காலையில் இரண்டிரண்டு பேராகத் தெருத்தெருவாகப் போவார்கள். பாதி வீட்டில் கதவைச் சாத்துவார்கள். திறந்த வீட்டிலும் திண்ணைக்கு மேல் போக முடியாது, போனால் தீட்டு. சேலையின் விலை என்ன, கல்யாணம் ஏன் ஆகவில்லை, தாய் தகப்பன் இல்லையா என்றுதான் பெண்கள் கேட்பார்களாம். நம் ஊர் ஆச்சிமார் வேறு எதைக் கேட்பார்கள்!

அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்று ஒருவர். இளம் விதவை. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே பாதிக்கு மேல் அவருக்காகத்தான். ஒரு நாள் கூட்டத்தில் நின்ற ஒரு சிறு பிள்ளை பொன்னம்மாளின் நகைகளைப் பார்த்து, நானும் பெரியவளானதும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து இந்த மாதிரி நகை போடுவேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. ஜப்பான் கிழவியின் கண்ணில் பட்ட கையுறை மாதிரிதான் இதுவும். அன்றோடு நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது கேட்டால் இது பெரிதாகத் தெரியாது. நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிச் சீமையில், பாம்படம் தோளில் தட்டுவதுதான் குடும்பத்தின் மானம் என்றிருந்த காலத்தில், காதும் கழுத்தும் மூளியாக ஒரு பெண் தெருவில் நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறிஸ்தவர்களே ஏசினார்கள்.

1901 மார்ச் மாதம். பண்ணைவிளைக்குப் பக்கத்து ஊர் பெருங்குளம். அங்கே கோயில் பெண்களின் வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. தேவதாசியாக்க விடப்பட்ட பிள்ளை. பெயர் பிரீனா. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு தடவை தப்பி ஓடியிருக்கிறது. எங்கே தெரியுமா? நம் தூத்துக்குடிக்கு. அம்மா இங்கேதான் இருந்தாள். இருபது மைல் வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. பின்னாலேயே கோயில் பெண்கள் வந்துவிட்டார்கள். சாமிக்கு விட்ட பிள்ளை, வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம் என்றார்கள். தகப்பன் இல்லாத வீடு. தாய் பயந்து, கழுத்தைக் கட்டியிருந்த கைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். திரும்பக் கொண்டுபோய் அந்தக் கைகளில் சூடு போட்டார்கள்.

அந்தத் தாயை நான் திட்ட மாட்டேன். கேட்க நாதியில்லாத விதவை வேறு என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். தூத்துக்குடியில் அது எந்தத் தெரு என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

இரண்டாம் தடவை பிள்ளை ஓடியது பண்ணைவிளைக்கு. மார்ச் 6 சாயங்காலம் கோயில் வாசலில் – மாதா கோயிலைச் சொல்கிறேன் – தனியாக நின்ற பிள்ளையை ஒரு கிறிஸ்தவப் பெண் பார்த்து இரவு தன் வீட்டில் வைத்திருந்து, விடிந்ததும் பங்களாவுக்குக் கூட்டி வந்தாள். வெளியூர் போயிருந்த ஏமி அம்மாள் திரும்பி வந்ததே முதல் நாள்தான். வராந்தாவில் காலைத் தேநீர் நேரம். பிள்ளை நேராக ஓடிப்போய் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி இங்கேதான் இருப்பேன் என்றது. தேடி வந்தவர்களிடமும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. புத்தகத்தில் இந்தப் பிள்ளைக்கு அவர் வைத்த பெயர் முத்துக்கண்ணி என்று பொருள் வரும். பிடிக்காமலே வந்து சேர்ந்த முதல் பிள்ளை.

அதன் பிறகுதான் அவருடைய அன்றாட வாழ்க்கை தலைகீழாக மாறியது. ஒரு பிள்ளை வந்ததும் இன்னொன்று. 1901-லேயே டோனாவூருக்கு இடம் மாறினார்கள். 1904 வாக்கில் பதினேழு பிள்ளைகள், 1913-ல் நூற்று முப்பது. ஊர் ஊராகப் பிரசங்கம் செய்ய வந்த பெண் இப்போது பால் காய்ச்சி, துணி அலசி, பேன் பார்த்து, ராத்திரி அழும் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க வேண்டியதாயிற்று. படித்து, கடல் தாண்டி வந்தது ஆயா வேலைக்கா என்று அவருக்கே மனசு உறுத்தியிருக்கிறது. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய கதையை நினைத்துத் தேற்றிக்கொண்டாராம். கூட இருந்த பெண்களுக்கும் இது லேசாக இல்லை. வேதம் படித்துச் சொல்வது கௌரவமான வேலை; அடுத்தவர் பிள்ளையின் மலம் கழுவுவது அப்படியா? முதலில் இறங்கியவர் பொன்னம்மாள். அவர் செய்வதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கை வைத்தார்கள்.

கைக்குழந்தைகள்தான் பெரும்பாடு. தாய்ப்பாலுக்கு வழியில்லை, பக்கத்தில் டாக்டர் கிடையாது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தால் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொன்றுக்கு வயிற்றால் போகும். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடு பிடித்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டவர் பொன்னம்மாள். அப்படியும் பிள்ளைகள் தவறின. முதலில் வந்த குழந்தைகளுக்கு ரத்தினக் கற்களின் பெயரை வைத்திருந்தார்கள். அதில் இந்திரநீலா என்ற குழந்தையும் போய்விட்டது. ஏமி அம்மாளின் தாயார் வந்து டோனாவூரில் தங்கியிருந்த சமயம் அது. அதன் பிறகு அவரும் ஊர் திரும்பிவிட்டார். மகளும் தாயும் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை. 1913-ல் தாயார் இறந்தார். 1915-ல் புற்றுநோயில் பொன்னம்மாள். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1912-லேயே வாக்கர் ஐயர்.

அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிற கப்பல் தூத்துக்குடியில்தான். மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, படகேறி, ஆழம் போதாமல் மைல் கணக்கில் தள்ளி நிற்கும் கப்பலுக்குப் போவார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகள் சில வருஷத்துக்கு ஒரு முறை லீவில் ஊருக்குப் போய் வருவது வழக்கம். ஏமி அம்மாள் 1895-ல் வந்தவர் 1951-ல் இறக்கும் வரை ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. ஐம்பத்தைந்து வருஷம். என் தங்கை வளைகுடாவில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அதற்கே ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வீடு எழவு வீடாகிவிடும். அப்படி இருக்க, இது பக்தியா பிடிவாதமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

பிடிவாதம் என்று சும்மா சொல்லவில்லை. வழக்குகள் வந்தன. முத்தம்மாள் என்ற பெண்ணை அவள் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. பெண்ணைக் காணவில்லை. ஆண்பிள்ளை வேஷம் போட்டுக் கொழும்புக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. சட்டப்படி பார்த்தால் தப்புதான். ஆச்சி ஊர்க்காரர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சி, வெள்ளைக்கார அம்மாள், வந்த பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளையாக வளரும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு கலங்கத்தானே செய்யும்? ஆனால் சூடு போட்ட கையையும் மறக்க முடியவில்லை. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மெட்ராஸ் சட்ட சபைக்குள் போய் இந்த வழக்கத்தை எதிர்த்து மல்லுக்கட்டி, கடைசியில் 1947-ல் தடைச் சட்டம் வந்தது. பிரீனா ஓடிவந்து நாற்பத்தாறு வருஷம் கழித்து.

நானும் வீட்டுக்காரியும் சில வருஷங்களுக்கு முன் டோனாவூர் போய் வந்தோம். மேற்கே மலை, சிவப்பு ஓட்டு வீடுகள், நிறைய மரம். அங்கே உறவு சொல்லிக் கூப்பிடுகிற முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, அவர் மட்டும் அம்மா. வெள்ளைக்காரரை அண்ணாச்சி ஆக்கினது நம் ஜில்லாவில் மட்டும்தான் நடக்கும்! இன்னொன்று: பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் பிறந்த நாளுக்குப் பதில் 'வந்த நாள்' கொண்டாடினார்கள்.

1931 அக்டோபரில் களக்காட்டில் இருட்டுகிற நேரத்தில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் கட்டிலுமாகவே போய்விட்டது. படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். 1951 ஜனவரி 18-ல் காலமானார். கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்து, அம்மா என்ற பொருளில் ஒரே ஒரு சொல் வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது இரண்டு தவிட்டுக் குருவிகள் முங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி கேட்டாள்: "அந்த பொன்னம்மாளைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா?"

"அம்மாவே எழுதியிருக்காங்க. தனிப் புத்தகம்."

"தமிழ்லயா?"

"இங்கிலீஷ்ல."

அவள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொன்னம்மாள் சரித்திரம் தமிழில் யாரிடமாவது, பழைய பிரதியாக இருந்தாலும் சரி, இருந்தால் சொல்லுங்கள். வந்து வாங்கிப் படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.