கூறை நெய்த கை

சென்ற ஆண்டு எமது மூத்த மைந்தனின் திருமணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் எமது இல்லத்தில் பொன்னுருக்கு நடைபெற்றது. யாழ்ப்பாணத்தவர்க்கு இச் சடங்கை விளக்க வேண்டியதில்லை. எனினும், வேற்றூரில் வளர்ந்த இளைஞருக்காக ஓரிரு வார்த்தை சொல்வோம். நிறைகுடமும் குத்துவிளக்கும் முன்னிருக்க, தாலிக்குரிய பொன்னை வீட்டாரே எடுத்துக் கொடுப்பர். ஆசாரியார் யாவர் கண்முன்னும் அதனை உருக்குவார். உருக்கிய பொன் தட்டில் ஏந்திச் சபையோருக்குக் காட்டப்படும். பின்னர் அதனை ஆசாரியாரிடமே ஒப்படைத்து, வெற்றிலை பாக்கு, அரிசி, காய்கறி, தட்சணை ஆகியவற்றை வைத்து அவரை உபசரிப்பர். பொருள் எது, செய்பவர் யார், அவருக்குரிய மரியாதை என்ன என்னும் மூன்றும் அந்த ஒரு கூடத்திலே வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

அன்று மாலை கூறைச் சேலையை எடுத்துப் பார்த்தோம். காஞ்சிபுரத்துப் பட்டு, அரக்கு நிற உடலும் பச்சைக் கரையும் கொண்டது. பெரிய கடையில் அதனை வாங்கிய நாளில் எமது இல்லாள் செய்த சோதனைகள் நினைவுக்கு வந்தன. முந்தானை ஓரத்து இழை ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்தினாள். மயிர் கருகும் மணம் எழுந்தது. சாம்பல் விரலிடையே பொடிந்தது. பட்டு அசலென்று தெளிந்தாள். சரிகையையும் சுரண்டிப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தோம். ஆனால் அதனை நெய்தவர் யார் என்று அவளும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரருக்கு விடை தெரிந்திராது.

காஞ்சிபுரச் சேலையின் அழகிற் பாதி அதன் கோர்வையில் இருக்கிறது. வேறு நிறக் கரையை உடலோடு இணைத்து நெய்வதற்குத் தறியில் ஒருவர் போதாது. கரைக்குரிய நாடாவை எறிய அருகில் மற்றொருவர் வேண்டும். அந்த இரண்டாவது இடத்திலே நெடுங்காலம் சிறுவர் பலர் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உழைத்த கதையை, மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் பெயர் சுட்டியே விவரித்தது. பின்னர் அரசும் பிற அமைப்புகளும் அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு மீட்க முயன்றன. எனினும், 2004இல் இந்தியாவில் ஏற்பட்ட ‘சில்க் மார்க்’ என்னும் முத்திரை பட்டு தூயதென்று மட்டுமே சான்று கூறும். நாடா எறிந்த கை யாருடையது என்று அது கூறாது. பொன்னை உரைக்க உரைகல் உண்டு; பட்டைச் சோதிக்கத் தீக்குச்சி உண்டு; கையைச் சோதிக்க எம்மிடம் ஒன்றுமில்லை.

ஆடம்பர ஆடையணி விற்கும் மேனாட்டுப் பெருநிறுவனங்கள் இக்குறையை நீக்க ஒரு வழி கண்டன. தமக்குப் பொருள் செய்து கொடுப்போர் அனைவரும் இன்னின்ன ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டுமென நெறிக்கோவை எழுதின. சிறுவரை அமர்த்தலாகாது, மிகை நேர வேலைக்கு வற்புறுத்தலாகாது, வாயில்களைப் பூட்டலாகாது என அவை நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் எழுத்து வேறு, நடப்பு வேறு. கராச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று எஸ்.ஏ. 8000 என்னும் நன்னெறிச் சான்றிதழைப் பெற்றுச் சில வாரங்களே ஆன நிலையில், 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி அங்கே தீப்பற்றியது. வெளியேற வழியின்றி 250க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஏழை நாட்டில்தான் இப்படி நடக்கும் என்று எண்ணுவதும் தவறு. 2024 யூன் மாதம் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்துக்காகக் கைப்பை செய்விக்கும் துணை நிறுவனத்தைத் தன் மேற்பார்வையின் கீழ்க் கொண்டு வந்தது. தொழிலாளர் பட்டறையிலேயே உறங்கினர் என்றும், வேகம் கருதி இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன என்றும் விசாரணை கூறிற்று. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பைக்கு, தோல் முதலிய மூலப்பொருள் நீங்கலாக, பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. நிறுவனம் திருத்த ஒழுங்குகளைச் செய்தபின், 2025 பெப்ரவரியில் மேற்பார்வை நீக்கப்பட்டது.

இச் செய்தியை நாம் ஒரு காலையில் இல்லாளுக்குப் படித்துக் காட்டி, “பணக்காரர் செய்யும் அநியாயத்தைப் பார்த்தீரா?” என்று மிகவும் கொதித்துப் பேசினோம். பொன்னுருக்கு முடிந்த மூன்றாம் நாள் அக்கொதிப்பு எம்மீதே திரும்பியது.

கூறைக்குரிய சட்டைக்கு ஆரி வேலை செய்யும் பொறுப்பை எமது ஒழுங்கையிலேயே வசிக்கும் ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைத்திருந்தோம். தகப்பன் இல்லாத குடும்பம். அவளது ஊசியே அடுப்பெரிக்கிறது. முதலில் பேசிய கூலியில் இரண்டாயிரம் ரூபா குறைத்தோம். பின்பு கைக்கு மட்டும் என்றிருந்த வேலையை முதுகுப்புறமும் வேண்டுமென்றோம். அதற்காகக் கூலியைக் கூட்டவில்லை. பின்னர், படம் பிடிப்பவர் முன்னதாகக் கேட்கிறார் என்று நாளையும் இரண்டு நாள் முன்தள்ளினோம். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய காரியமாகத்தான் எமக்குத் தோன்றிற்று.

வேலை எவ்வளவில் நிற்கிறதென்று பார்க்க இரவு எட்டு மணிக்குப் போனோம். விளக்கின் கீழே சட்டம் கட்டிய துணியின் ஒருபுறம் அவள். மறுபுறம் அவளுடைய தங்கை. 15 வயது, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டியவள். புத்தகங்கள் மூலையிற் கிடந்தன. சிறுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு மணி கோத்துக் கொண்டிருந்தாள்.

“தங்கச்சிக்குப் படிப்பில்லையோ, பிள்ளை?” என்றோம்.

தாய் அடுக்களையிலிருந்து வந்து, “நீங்கள் அவசரமெண்டு சொன்னியள், ஐயா. தனியச் செய்தால் முடியாது. ரண்டு மூண்டு நாளைக்குத்தானே, பறவாயில்லை” என்றார். அக்குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இலங்கையில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 16 என 2021இல் சட்டம் உயர்த்தப்பட்டது. அச்சட்டம் வந்தபோது நாம் வரவேற்றுப் பேசினோம். சிறுமியை ஊசி பிடிக்கச் சொன்னவர் நாமல்லர் என்பதும் உண்மையே. ஆனால் குறைத்த கூலியும் கூட்டிய வேலையும் சுருக்கிய நாளும் எம்முடையவை. மிலான் பட்டறைக்கும் எமது ஒழுங்கைக்கும் அளவிலே வேற்றுமை, வழியிலே வேற்றுமையில்லை.

இதனாற் கண்டது யாதெனில், செய்பவர்மேல் மட்டும் விதி எழுதுவது பாதி நீதி. வாங்குவோரும் அவ்விதிக்குரிய விலையையும் நாளையும் கொடுக்க வேண்டும். எமது நாட்டு ஆடைத் தொழிலதிபர் 2006இல் ‘குற்றமற்ற ஆடை’ என்னும் உறுதிமொழியை எடுத்தனர். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வன்னியின் பெண்கள் பலர் அங்கே பிறநாட்டார் அணியும் உடைகளைத் தைக்கின்றனர். 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோதோ, மேனாட்டு நிறுவனங்கள் பல, பல நாடுகளுக்குத் தாம் கொடுத்திருந்த கட்டளைகளைத் திடீரென இரத்துச் செய்தன. தைத்து முடித்த ஆடைகளுக்கும் சில நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. தைப்பவர் மீறக்கூடாதவை நெறிக்கோவையில் நிறைய இருந்தன. வாங்குபவர் மீறக்கூடாதவை எத்தனை இருந்தன?

அன்றிரவு வீடு திரும்பி நடந்ததைச் சொன்னோம். இல்லாள் முதலில் சினந்தாள். “அப்ப மருமகள் என்னத்தைப் போட்டுக்கொண்டு மணவறைக்கு வாறது?” என்றாள். நெடுநேரம் பேசவில்லை. பின்பு தானே, “நாள் மாத்தினது நான்தானே” என்றாள். விடிந்ததும் இருவருமாகச் சென்றோம். முதுகுப்புற வேலை வேண்டாமென்றோம். குறைத்த இரண்டாயிரத்தையும், அதுவரை முதுகுப்புறத்தில் செய்த வேலைக்குரியதையும் கொடுத்தோம். தங்கை இனி ஊசி தொடவேண்டியதில்லை என்று தாயிடம் கூறினோம். பெண் வீட்டாரிடமும் மறைக்காமற் சொன்னோம். மருமகள் சிரித்து, “முதுகை ஆர் மாமி பாக்கப்போகினம்?” என்றாளாம்.

மாணவச் செல்வங்களே, குடும்பத் தலைவியரே! உலகப் பெருநிறுவனங்களுக்கு நாம் விதி எழுத முடியாது. ஆனால் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் துணி தைக்கக் கொடுக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு நிறுவனமே. பேசிய கூலியைக் குறையாதிருத்தல், போதிய நாள் கொடுத்தல், இடையில் மாற்றினால் அதன் செலவை நாமே ஏற்றல் ஆகிய மூன்றையும் வீட்டில் ஒழுங்காக்கிக் கொள்வோம். பிறகு டியோரைப் பற்றிக் கொதிக்கலாம்.

திருமணத்தன்று அந்தத் தாயும் இரு பெண்களும் வந்திருந்தனர். ஆசாரியாருக்குக் கொடுத்தது போன்ற வெற்றிலைத் தட்டை அக்காளின் கையில் இல்லாள் கொடுத்தாள். மணமகளின் சட்டையில் முதுகுப்புறத்து மணிவரிசை ஒன்று பாதியில் நின்றிருந்தது. எமது சின்ன மாமியார் ஒருவர் மட்டும் அதைக் கவனித்து, “இது ஏன் அரைகுறையாய் நிக்குது?” என்று கேட்டார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நாம் முந்திக்கொண்டு, “அது எங்கட பிழை, மாமி” என்றோம்.